நன்மை ஐந்து, தீமை ஐந்து போதுமா?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களின் நன்மை தீமைகளை எழுதுக.' இந்த வினாவைக் கேட்காத அறிவியல் ஆசிரியர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டார். விடையும் நமக்கு மனப்பாடம். தீராது, மாசு இல்லை, எரிபொருள் வாங்க வேண்டாம் என்பவை நன்மைகள். முதலீடு அதிகம், எல்லா நேரமும் கிடைக்காது, இடம் நிறைய வேண்டும் என்பவை தீமைகள். பிள்ளை தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து எழுதிவிட்டால் முழு மதிப்பெண். திருத்துகிற நமக்கும் அது வசதி. அந்தப் பிள்ளையையே அழைத்து, "உங்கள் ஊர்ப் பொட்டலில் சூரிய மின்நிலையம் வரப்போகிறதாம், கிராம சபையில் நீ எழுந்தால் என்ன பேசுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுதிய பத்து வரியில் ஒரு வரிகூட அவனுக்குக் கைகொடுக்காது.

காரணம் எளிது. நன்மையும் தீமையும் வெயிலோடும் காற்றோடும் ஒட்டிக்கொண்டு பிறப்பவை அல்ல. அந்த மின்சாரம் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை யூனிட், யாருடைய நிலத்தில், எதற்குப் பதிலாக வருகிறது என்பதைப் பொறுத்தே நன்மை நன்மையாகிறது, தீமை தீமையாகிறது. இவற்றைக் கேட்கப் பழகாத மாணவருக்கு இந்தப் பாடம் வெறும் பட்டியலாகவே முடிந்துவிடும். நம் மாநிலத்தைப்போல இதைச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பான இடம் குறைவு. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நட்டுத் தொடங்கிய வேலை இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் கயத்தாறும் பல்லடமும் நம் பிள்ளைகள் பேருந்து ஜன்னலில் பார்த்து வளர்ந்த ஊர்கள்.

காற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கணக்காக மாற்றுவது நம் வேலை. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன் பாதையில் உள்ள ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 38 வாட் சுமந்து வருகிறது. அதே காற்று 8 மீட்டர் வேகத்தில் வந்தால் 307 வாட். வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் எட்டு மடங்கு. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: வேகம் 8-லிருந்து 6-க்கு இறங்கினால்? பெரும்பாலான பிள்ளைகள் 'கால் பங்கு குறையும்' என்பார்கள். போட்டுப் பார்த்தால் பாதிக்கும் கீழே போயிருக்கும். 'காற்று எப்போதும் ஒரே சீராக வீசாது' என்று புத்தகத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரியின் கனம் அப்போதுதான் விளங்கும். மின்வாரியத்தில் உட்கார்ந்து நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்று கணிக்கிறவர் கொஞ்சம் பிசகினாலும் பாதி மின்சாரம் கணக்கில் காணாமல் போகும். காற்றில் இருப்பதையெல்லாம் இறக்கைகள் எடுத்துவிடவும் முடியாது; அதிகபட்சம் 59.3 விழுக்காடுதான் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் இதன் காரணத்தையும் பேசலாம். காற்றை முழுதாக நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்று போக வழியேது?

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தென்காசி, வள்ளியூர், உடுமலைப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பாடம் நடத்தினால் யாராவது ஒரு பிள்ளை எழுந்து சொல்லும்: "சார், காத்தாடி வந்தப்புறம் மழை போச்சுன்னு எங்க தாத்தா சொல்றாரு." சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டாதீர்கள். அந்தத் தாத்தா நாற்பது வருடம் வானத்தைப் பார்த்து விதைத்தவர். அவர் கண்ட காட்சி பொய்யல்ல, சொல்லும் காரணம்தான் தவறு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறக்கிவிட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புகுந்து நம் பக்கம் பாய்ந்து வருகிறது. இடுக்கில் நுழைவதால் வேகம் கூடுகிறது, மழையைக் கொட்டிவிட்டு வருவதால் ஈரம் குறைகிறது. ஆகவே காற்று மிகுந்த இடமெல்லாம் அந்தப் பருவத்தில் மழை மறைவிடம். அங்கே காற்று அதிகம் என்பதால்தான் காற்றாலையை நட்டார்கள். இறக்கை நுனி தரையிலிருந்து 150 மீட்டர் அளவில் சுற்றுகிறது. மழை மேகம் உருவாகும் ஆட்டமோ அதற்கு மேலே பல கிலோமீட்டர் உயரம்வரை நடக்கிறது. இவ்வளவையும் நாமே சொல்லிவிடாமல், அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் பழைய பதிவுகளைப் பிள்ளைகள் எடுத்துவரட்டும். காற்றாலைக்கு முந்தைய முப்பது ஆண்டையும் பிந்தைய முப்பது ஆண்டையும் வரைபடத்தில் அருகருகே போடட்டும். ஒரு நம்பிக்கையை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தாத்தாவின் மழைக் காரணம் தவறு என்று தெரிந்ததும் அவருடைய மற்றக் குறைகளையும் தள்ளிவிடக் கூடாது. இறக்கை ஏற்றிவந்த நீள லாரிகளுக்காகப் போட்ட பாதை குளத்துக்கு வரும் ஓடையை மறித்திருக்கலாம். தரகர் சொன்ன விலைக்குப் பத்திரம் முடிந்த பிறகுதான் பக்கத்துக் காட்டுக்காரர் வாங்கிய விலை தெரிந்திருக்கலாம். இவை மெய்யான தீமைகள். காற்று செய்தவை அல்ல, மனிதர் செய்தவை. ஆகவே மனிதர் சரிசெய்யக் கூடியவை. இந்த வேறுபாடு இரண்டு கட்ட விடையில் எங்கும் வராது.

அதே விடையில் வராத இன்னொன்று, இந்தக் காற்றாலைகள் ஏன் இத்தனை வேகமாக முளைத்தன என்பது. தொண்ணூறுகளில், வாங்கிய ஆண்டிலேயே காற்றாலையின் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் போட்டி போட்டு நட்டார்கள். எத்தனை நட்டோம் என்பதற்குச் சலுகை இருந்தது. எத்தனை யூனிட் எடுத்தோம் என்பதற்கு அந்த அளவு அக்கறை இருக்கவில்லை. விளைவாக, நாட்டிலேயே காற்று நன்றாக வீசும் சில இடங்களில் இன்று சிறிய, பழைய இயந்திரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கு 2024-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட வேண்டியிருந்தது. வணிகவியல் ஆசிரியரையும் அந்த ஒரு வகுப்புக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு வருவோம். பள்ளிக்கு 10 வாட் சூரியப் பலகை ஒன்றும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவையுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளுடன் மொட்டை மாடிக்குப் போங்கள். பலகையில் 36 சிறு கட்டங்கள் இருக்கும். மின்னோட்டத்தை அளந்துகொண்டே, ஒரே ஒரு கட்டத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி மூடச் சொல்லுங்கள். முப்பத்தாறில் ஒன்றைத்தானே மறைத்தோம், கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்ப்பார்கள். அளவி விழுந்துவிடும். எல்லாக் கட்டங்களும் ஒரே தொடரில் கோக்கப்பட்டவை. ஒன்று அடைத்தால் வரிசை முழுவதும் அடைபடும். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழல் கூரைமேல் விழுவது என்ன செய்யும் என்பதை அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரிய பலகைகளில் இதைத் தணிக்க மாற்றுவழி டயோடுகள் வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பலகையை நடுப்பகல் வெயிலில் அரைமணி நேரம் கிடத்திவிட்டு மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். இறங்கியிருந்த அழுத்தம் ஏறத் தொடங்கும். பலகையின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பநிலையில் அளந்தது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் பலகை 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் உற்பத்தி குறைந்துவிடும். வெயில் கூடக்கூட மின்சாரம் கூடும் என்று நினைத்த பிள்ளைக்கு, பலகை கேட்பது ஒளியைத்தான், சூட்டை அல்ல என்பது விரல் நுனியில் தெரிந்துவிடும்.

பிறகு வீட்டு மின் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீடு என்றால் ஒரு நாளைக்கு 5 யூனிட். ஒரு கிலோவாட் பலகை நம் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும்; அதற்குச் சுமார் 100 சதுர அடிக் கூரை போதும். ஆக, ஒன்றேகால் கிலோவாட்டில் வீடு தன்னிறைவு அடைந்துவிடும் என்று வகுப்பு கை தட்டும். அந்த உற்சாகம் அடங்குமுன் கேளுங்கள்: மின்விசிறி எந்த நேரத்தில் அதிகம் ஓடுகிறது? இரவில். பகலில் மிஞ்சியதை வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு தெருவில் நாலு வீடு இப்படிச் செய்தால் யாருக்கும் சிரமமில்லை. தெரு முழுவதும், ஊர் முழுவதும் செய்தால் நண்பகலில் மிஞ்சுவதை யார் வாங்குவது, மாலை ஏழு மணிக்கு எல்லோரும் கேட்பதை எங்கிருந்து கொடுப்பது? இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்கும்போது வகுப்பில் யார் தலை குனிகிறது என்று பார்த்துக் கேளுங்கள். 2024-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட் பலகை போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. சொந்த மொட்டை மாடி இல்லாத வாடகை வீட்டுக்காரருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கும் அதில் என்ன பங்கு?

வகுப்புச் சுவரில் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு நீளத்தாள் ஒட்டச் சொல்வது என் வழக்கம். சித்திரையில் வெயில் உச்சம், மின் தேவையும் உச்சம். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் பலகைகள் தாங்கிவிடும். ஆனால் புழுக்கமான சித்திரை இரவில் ஏ.சி. ஓடும்போது வெயிலும் இல்லை, காற்றும் இன்னும் பிடிக்கவில்லை. வைகாசிக் கடைசியில் காற்று எழும். ஆனி, ஆடி, ஆவணியில் இரவு பகலாக இறக்கைகள் சுற்றும். சில நாள் வாரியமே சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு மின்சாரம் மிஞ்சும். குடகில் மழை பெய்து மேட்டூருக்குத் தண்ணீர் வருவதும் அதே மாதங்களில். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை: மேகம் மூடிய வானம், அடங்கிய காற்று. தென்மண்டல மின்சுமை மையம் மாநில வாரியாக நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. அதிலிருந்து வாரம் ஒரு நாள் எண்களை எடுத்துப் பிள்ளைகள் தாளில் வண்ணம் தீட்டட்டும். ஆண்டு முடியும்போது எது எதற்குத் துணை நிற்கிறது, எந்த மாதத்தில் எல்லாம் சேர்ந்து கைவிடுகின்றன என்று அவர்களே சொல்வார்கள்.

கைவிடும் நேரத்துக்குத்தான் சேமிப்பு. மின்கலம் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆழியாறு மலையில் தண்ணீரையே மின்கலமாக வைத்திருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. காடம்பாறையில் 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள் இருக்கின்றன. மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் தட்டுப்பாடு வரும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் ஏற்றுவதற்கு 4 யூனிட் செலவழித்தால் இறக்கும்போது 3 யூனிட்தான் திரும்பும். நட்டம்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆடிக் காற்றில் வீணாகப் போக இருந்த 4 யூனிட்டை, தவித்துக்கொண்டிருக்கும் மாலையில் 3 யூனிட்டாகத் தருவது நட்டமா என்று திருப்பிக் கேளுங்கள். நீலகிரியில் குந்தாவில் இதே முறையில் 500 மெகாவாட் நிலையத்தின் வேலை நடக்கிறது. மலையில் சுரங்கம் குடைவதற்கும் காட்டுக்குள் பாதை போடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நீர்மின்சாரத்தைப் பற்றி நாம் பொதுவாக மென்மையாகவே பேசுகிறோம். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் போனால், 1934-இல் கட்டி முடித்த அணைக்குள் மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் தலை நீட்டி நிற்கும். கோயில் கட்டி வாழ்ந்த ஊர்கள் அவை. அணையால் டெல்டா விளைந்தது, மின்சாரம் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் எழுந்து போனார்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்ல நமக்குத் துணிவு வேண்டும்.

இப்போது நிலக் கணக்கு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் வந்தது. பரப்பு சுமார் 2,500 ஏக்கர். மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாவாட் நாளொன்றுக்குச் சுமார் 4,500 யூனிட் தரும். தமிழ்நாட்டின் ஒரு நாள் தேவையை 35 கோடி யூனிட் என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெயிலிலிருந்தே எடுப்பதாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 78,000 மெகாவாட், 3 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கர், அதாவது 1,260 சதுர கிலோமீட்டர் என்று வரும். மாநிலப் பரப்பில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. சென்னை மாநகராட்சியைப்போல மூன்று. இது அதிகமா, குறைவா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். 'இடம் நிறைய வேண்டும்' என்று எழுதிய பிள்ளையும், 'ஒரு விழுக்காடுதானா' என்று வியக்கும் பிள்ளையும் ஒரே எண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு, அந்த ஒரு விழுக்காடு யாருடையது என்ற கேள்வியை வையுங்கள். அரசுப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலத்தில் கீதாரிகள் ஆடு மேய்க்கிறார்கள், பெண்கள் விறகு எடுக்கிறார்கள். நிலத்தை விற்றவருக்குப் பணம் வரும். மேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வேலி மட்டும்தான் வரும்.

மாசே இல்லை என்ற வரியையும் திருத்த வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014-இல் தந்த கணக்குப்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் அளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது. பலகை செய்வது, கொண்டுவருவது எல்லாம் சேர்த்துக் கூரைச் சூரியமின்சாரம் 41 கிராம், நிலத்தில் நடும் காற்றாலை 11 கிராம். மாசு உண்டு, இருபதில் ஒரு பங்கும் அதற்குக் கீழும். இந்த ஒரு வரிசை எண்களைப் பார்த்த பிள்ளை 'எதிலும் குறை இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லாது. ஐந்துக்கு ஐந்து என்று எழுதப் பழக்கும்போது நாம் அறியாமலேயே அந்த முடிவுக்குத்தான் பிள்ளைகளைத் தள்ளுகிறோம். எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக வெட்டப்பட்ட வயல்களும் தராசின் மறுதட்டில் இருந்தால்தான் எடை சரியாக இருக்கும். என் நிலைப்பாட்டை ஒளிக்க விரும்பவில்லை: நாம் வெயிலுக்கும் காற்றுக்கும் மாறித்தான் ஆக வேண்டும், விரைந்து மாற வேண்டும். குறைகளைச் சொன்னால் பிள்ளைகள் எதிராகிவிடுவார்கள் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். நாளைக்கு அந்தக் குறைகளைக் களையப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் மறைத்து என்ன பயன்?

எளிதில் தீர்வு கிடைக்காத வழக்கு ஒன்றையாவது வகுப்பில் பேசுங்கள். கானமயில் என்ற பெரிய பறவை ராஜஸ்தானில் ஜெய்சல்மேர்ப் பகுதியில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சூரிய, காற்று மின்நிலையங்களுக்காக இழுத்த கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வளவு நீளத்துக்கு உயர் அழுத்தக் கம்பியைப் புதைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, சூரியமின்சாரமே தடைபடும் என்று அரசு வாதிட்டது. 2024-இல் நீதிமன்றம் ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. பறவைக்காக ஒரு குழு, மின்சாரத்துக்காக ஒரு குழு என்று பிள்ளைகள் வாதாடட்டும். பாதி நேரத்தில் மணி அடித்துப் பக்கத்தை மாற்றிவிடுங்கள். அதுவரை எதிர்த்த வாதத்தைத் தானே எடுத்துப் பேசும்போதுதான் பிள்ளை மெய்யாகவே யோசிக்கத் தொடங்குகிறது.

வினாத்தாளை மாற்றாமல் இதெல்லாம் நிலைக்காது என்பீர்கள். உண்மைதான். பொதுத்தேர்வு நம் கையில் இல்லை. பருவத் தேர்வு நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஓர் ஊரில் 400 ஏக்கர் தரிசில் 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்கத் திட்டம். அந்த நிலத்தில் 60 குடும்பங்கள் ஆடு மேய்க்கின்றன. அருகில் ஒரு கண்மாய் இருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும், அது எத்தனை வீடுகளுக்குப் போதும், நிலக்கரியோடு ஒப்பிட்டால் எத்தனை டன் கரியமில வாயு குறையும் என்று கணக்கிடுக. கிராம சபையில் நீ கேட்க விரும்பும் மூன்று கேள்விகளை, யாரிடம் கேட்பாய் என்பதோடு எழுதுக. ஆதரித்து வாக்களிப்பாயா? எந்த நிபந்தனையோடு?' கணக்குக்கு ஐந்து மதிப்பெண், கேள்விகளுக்கு மூன்று, நிபந்தனைக்கு இரண்டு. ஆதரித்ததற்கோ எதிர்த்ததற்கோ மதிப்பெண் வேண்டாம்.